டிவி செலவைக் குறைக்க: பேக்கை வெட்டுவதா, இணைப்பையே மாற்றுவதா?

"உங்கள் ரீசார்ஜ் நாளை முடிகிறது" என்று குறுஞ்செய்தி வரும்போதுதான் பலருக்கும் இணைப்பை மாற்றும் எண்ணம் வருகிறது. அந்த அவசரத்தில் மாறினால் புது செட்டாப் பாக்ஸுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுத்துவிட்டு, அங்கேயும் கடைக்காரர் சொன்ன பெரிய பேக்கையே (சேனல் தொகுப்பையே) போட்டுக்கொள்வதில்தான் போய் முடியும். மாதக் கட்டணம் நாற்பது ரூபாய் குறையும். பாக்ஸுக்குக் கொடுத்ததை எடுக்க இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதனால் முதலில் இருக்கிற இணைப்பில் கத்தரிக்கோல் வையுங்கள். அதற்குப் பிறகும் கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் மாறுங்கள்.

பில்லில் என்னென்ன இருக்கிறது

கேபிளோ, மாடியில் தட்டு வைக்கும் டிடிஎச்சோ, மாதக் கட்டணம் மூன்று துண்டுகளால் ஆனது. முதலாவது நெட்வொர்க் கட்டணம். படம் உங்கள் வீடு வரை வந்து சேர்வதற்கான கூலி. இரண்டாவது, கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது, இவ்விரண்டின் கூட்டுத்தொகை மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய முறை நடைமுறைக்கு வந்தபோது நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு 100 சேனல். 2020 மார்ச்சில் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்று ஆனது. 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். நிறுவனம் தன் இஷ்டப்படி வைக்கலாம், ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பாக்ஸ் பொருத்தும் கூலி, ஆக்டிவேஷன் கட்டணம் ஆகியவற்றுக்கு இருந்த வரம்பும் அப்போதே போய்விட்டது. "எல்லா இடத்திலும் ஒரே ரேட்டுதான் சார்" என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. இப்போது கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தூர்தர்ஷனின் கட்டாயச் சேனல்களும் இலவசச் சேனல்களும் நெட்வொர்க் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். கலைஞர், பாலிமர், புதிய தலைமுறை போன்றவை இலவசச் சேனல்களாகவே ஓடிவருகின்றன. சன், விஜய், ஜீ தமிழ் போன்றவற்றுக்குத் தனியாகக் காசு. எது எந்த வகை என்று உங்கள் நிறுவனத்தின் ஆப்பிலோ இணையதளத்திலோ உள்ள விலைப்பட்டியலில் தெரியும்; டிவியிலேயே 999-ஆம் எண்ணில் வாடிக்கையாளர் தகவல் சேனல் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஹெச்டி சேனல் ஒன்று, எண்ணிக்கையில் இரண்டு சாதாரணச் சேனலாகக் கணக்காகலாம்.

வெட்டும் முறை

ஒரு தாளை டிவி பக்கத்தில் ஒட்டி, ஒரு வாரம் வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்த்தாலும் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் பொய் சொல்வோம். "எப்போதாவது பார்ப்பேன்" என்று இருபது சேனல் சேர்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் ஒரு வாரத் தாளில் எட்டு, பத்து பெயருக்கு மேல் வராது. அதில் பாதி இலவசச் சேனலாகவே இருக்கும்.

அடுத்து, கட்டணச் சேனல்களை நிறுவனவாரியாகப் பிரியுங்கள். ஒரே குழுமத்தின் சேனல்களைத் தனித்தனியாக எடுப்பதா, அவர்களுடைய பேக்காக எடுப்பதா என்பதுதான் இங்கே காசு போகிற இடம். விதிப்படி எந்தச் சேனலையும் தனியாகக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பேக்கில் சேர்க்கும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. தனி விலைகளின் கூட்டுத்தொகையிலிருந்து பேக்குக்கு அதிகபட்சம் 45 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாம்.

கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு குழுமத்தின் ஐந்து சேனல்: 19, 19, 9, 6, 6. கூட்டினால் 59. முழுத் தள்ளுபடியோடு பேக் 32 ரூபாய் 45 காசு வரை இறங்கலாம். உங்களுக்கு வேண்டியது முதல் இரண்டு மட்டும் என்றாலும் தனியாக எடுத்தால் 38, பேக்கே மலிவு. வேண்டியது ஒன்றுதான் என்றால் 19, பேக் நஷ்டம். ஒன்பது ரூபாய்ச் சேனலும் ஆறு ரூபாய்ச் சேனலும் மட்டும் என்றால் 15. பேக் பக்கமே போகாதீர்கள். இதே கணக்கை உங்கள் பட்டியலின் நிஜ விலைகளை வைத்து ஒவ்வொரு குழுமத்துக்கும் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மறக்காமல் வெட்ட வேண்டியவை சில. ஒரே சேனல் சாதாரண வடிவத்திலும் ஹெச்டியிலும் இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இது அடிக்கடி நடப்பது. டிவி பழைய பெட்டி மாடலாக இருந்தால் ஹெச்டிக்குக் கொடுக்கும் காசு முழுவதும் வீண். கிரிக்கெட் தொடருக்காகப் போட்ட விளையாட்டுச் சேனல், தொடர் முடிந்தபிறகும் ஓடிக்கொண்டிருக்கும். சமையல், பக்தி, ஆங்கிலம் கற்றல் என்று நிறுவனங்கள் தங்கள் பெயரில் நடத்தும் கூடுதல் சேவைகள் சில நாள் இலவசமாக வந்து, பிறகு தினக் கட்டணமாகக் கழியும். ஆப்பில் 'கூடுதல் சேவைகள்' என்ற பகுதியைத் திறந்தால் பிடிபட்டுவிடும்.

டிடிஎச்சில் இதையெல்லாம் ஆப்பிலேயே செய்யலாம். ரீசார்ஜ் முடியும் நாளுக்கு ஒட்டி மாற்றினால் கணக்குக் குழப்பம் இருக்காது. கேபிளில் ஆபரேட்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். "பேக்காகத்தான் தர முடியும்" என்பார். சேனல் பெயர்களை எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, "இதை மட்டும் தனித்தனியாகப் போட்டுக் கொடுங்கள் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். வாய்ச்சண்டையைவிட எழுதிய சீட்டுக்கு வேலை அதிகம் நடக்கும்.

மாறுவது என்றால் எதற்கு

அரசு கேபிள். 2011-இல் மாதம் 70 ரூபாய் என்று தொடங்கியது. இன்றும் பல ஊர்களில் அடிப்படைக் கட்டணத்தில் இதுவே கீழே இருக்கும். உங்கள் தெரு ஆபரேட்டரிடம் இந்த இணைப்பு உண்டா என்பதே முதல் கேள்வி. ஒரே ஆபரேட்டர் அரசு பாக்ஸையும் ஒரு தனியார் நிறுவனத்தின் பாக்ஸையும் வைத்திருப்பது சாதாரணம். அவருக்கு எதில் லாபம் கூடுதலோ அதைத்தான் முதலில் நீட்டுவார். அரசு பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமில்லை. மாறும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு பாக்ஸ் எண்ணுடன் ஒரு ரசீது அல்லது வாட்ஸ்அப் செய்தியாவது வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் "பாக்ஸ் உங்களிடம்தான் இருக்கிறது" என்று வந்து நிற்பதைத் தவிர்க்க இது போதும்.

தனியார் கேபிள். ரிப்பேருக்குத் தெருவிலேயே ஆள் இருப்பதுதான் பலம். மழையில் படம் நிற்காது. ஆனால் ஆபரேட்டர் வீட்டிலோ வழியிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்கோ கரண்ட் போனால் உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் படம் வராது.

டிடிஎச். டாடா பிளே, ஏர்டெல், சன் டைரக்ட், டிஷ் டிவி, டி2எச். கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கட்டுவதால் எதற்கு எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியும். தனிச் சேனல் எடுப்பதும் எளிது. குறை, கனமழையில் பத்து இருபது நிமிடம் படம் போகும். கோளாறு வந்தால் ஆள் வருவதற்கு விசிட் கட்டணம்.

டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணமே கிடையாது. தட்டு, பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து ஒருமுறைச் செலவு 2000 ரூபாய்க்குள் முடியும். ஆனால் சன், விஜய், ஜீ தமிழ் சீரியல்களை எதிர்பார்த்து இதை வாங்கினால் வீட்டில் சண்டைதான். டிடி தமிழ் (2024 ஜனவரிக்கு முன் பொதிகை), செய்தி, இந்திச் சினிமா, பாட்டு, கல்விச் சேனல்கள் போதும் என்கிறவர்களுக்கும், இரண்டாவது டிவிக்கும் பொருத்தம். பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் பல சேனல் வராது. புதிய எல்இடி டிவிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கும். டிவியின் பின்பக்கம் திருகு மரை உள்ள 'எல்என்பி' அல்லது 'சாட்டிலைட்' என்ற துளை இருந்தால் பாக்ஸே வேண்டாம், தட்டிலிருந்து ஒயரை நேராகச் செருகலாம்.

இணையம் வழி. வீட்டில் ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரலையாக இலவசமாகவே ஓடுகின்றன. பிஎஸ்என்எல் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு 2024 இறுதியில் தமிழ்நாட்டில் தொடங்கிய இணையவழி டிவி சேவையும் உண்டு. டிவிக்காகவே புதிதாக ஃபைபர் போட்டால் மிச்சமாகாது: 399 என்று விளம்பரத்தில் பார்க்கும் திட்டம் வரியோடு 470 ரூபாய் 82 காசு, அதற்கு மேல் இணையத்தில் படம், தொடர் பார்க்கும் ஓடிடி சந்தா. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. ஹெச்டி தரத்தில் மணிக்குச் சுமார் 3 ஜிபி போகும், தினம் 2 ஜிபி திட்டம் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. போன் ரீசார்ஜோடு 'இலவசமாக' வரும் ஓடிடி பெரும்பாலும் மொபைலுக்கு மட்டுமானது. டிவியில் திறந்தால் மேல்திட்டத்துக்கு மாறச் சொல்லும்.

பாக்ஸ் காசைத் திருப்பி எடுக்கும் கணக்கு

ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொன்றுக்கு உதவாது. போன் எண்ணை மாற்றாமல் சிம் மாற்றுவது போன்ற வசதி டிவியில் இல்லை. எனவே மாறினால் புதுப் பாக்ஸ் செலவு நிச்சயம்.

புது இணைப்பின் முதல்நாள் செலவு (பாக்ஸ், பொருத்தும் கூலி, ஆக்டிவேஷன், கூடுதல் ஒயர்) மொத்தத்தை, மாதம் மிச்சமாகும் தொகையால் வகுத்துவிடுங்கள். உதாரணமாக இப்போது மாதம் 300. புது இடத்தில் 240. முதல்நாள் செலவு 1500. 1500-ஐ 60-ஆல் வகுத்தால் 25 மாதம். இரண்டு வருடம் ஒரு மாதம் ஓடினால்தான் முதல் ரூபாய் மிச்சம். அதே ஆள் பழைய இணைப்பிலேயே வெட்டி 230-க்குக் கொண்டுவந்தால் அடுத்த மாதமே 70 ரூபாய் கையில். ஒப்பிடும்போது, வெட்டிய பிறகு வரும் பழைய கட்டணத்தோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும், வெட்டாத 300-உடன் அல்ல. இதில்தான் பலரும் ஏமாறுவது. 12 மாதத்துக்குள் பாக்ஸ் காசு திரும்பினால் மாறலாம். 18 மாதத்தைத் தாண்டினால் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வீடு மாறும்போது தட்டைக் கழற்றி மாட்ட மறுபடி கூலி.

'பாக்ஸ் இலவசம்' என்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ குறிப்பிட்ட பேக்கை முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள். அந்தக் காலம் முடிந்தபின் மாதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். விளம்பரத்தில் அது பொடி எழுத்தில்தான் இருக்கும். பாக்ஸ் சொந்தமா, வாடகையா, திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் வருமா என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் கேட்டு, பதிலைச் செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மாறும் வாரம்

வரிசை முக்கியம். பழைய ரீசார்ஜ் முடிய மூன்று, நான்கு நாள் இருக்கும்போது புது இணைப்புக்குச் சொல்லுங்கள். பழைய கணக்கில் உள்ள மீதி புது நிறுவனத்துக்குப் போகாது; அதனால் மாற முடிவெடுத்த பிறகு பழையதில் நீண்டகால ரீசார்ஜ் செய்யாதீர்கள். யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் உங்கள் பேமெண்ட் ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பாக்ஸைக் கழற்றி அலமாரியில் வைத்தாலும் ஆட்டோபே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆள் வருவதற்கு முன் மொட்டை மாடியில் திசையைப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வேறு செயற்கைக்கோள். சென்னையில் நின்று பார்த்தால் டாடா பிளேயின் செயற்கைக்கோள் (83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்பது), தெற்கிலிருந்து சற்றே கிழக்காக, ஏறக்குறைய 74 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஃப்ரீ டிஷ்ஷின் 93.5 டிகிரி சரியாகத் தென்கிழக்கில், 68 டிகிரி உயரத்தில். ஏர்டெல்லின் 108.2 டிகிரி கிழக்கு-தென்கிழக்கில், 54 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏர்டெல்லுக்கு மாறும்போது கிழக்குப் பக்கம் தென்னை மரமோ பக்கத்து அடுக்குமாடியோ மறைத்தால் சிக்னல் வராது, பழைய தட்டில் படம் பளிச்சென்று வந்துகொண்டிருந்தாலும் சரி. தட்டு ஆஃப்செட் (சாய்வாகச் சிக்னல் வாங்கும்) வகை என்பதால் நிமிர்ந்து நிற்பதுபோல் தெரிந்தாலும் அது பார்ப்பது அதைவிட 20 டிகிரிக்கு மேல் உயரத்தில். மரத்தின் உச்சியை அதற்கேற்ப அளந்துகொள்ளுங்கள்.

பழைய தட்டு துருப்பிடிக்காமல், வளையாமல் இருந்தால் பெரும்பாலும் அதையே திருப்பி வைக்கலாம். தட்டுக்கு முன்னால் நீட்டிய கம்பி நுனியில் சிக்னலை வாங்கும் எல்என்பியும் ஒயரும்கூட நன்றாக இருந்தால் உதவும். "பழசை வைத்தே போட்டால் எவ்வளவு குறையும்?" என்று முன்பே கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டியது ஒயரின் இரு முனையிலுள்ள திருகு கனெக்டர்கள்; மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தால் அதில்தான் பாதிக் கோளாறு. ஒயர் ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்கான ஒயர் வகை) தானா என்று மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். எல்என்பிக்கு முன்பும் ஜன்னலுக்கு முன்பும் ஒயர் ஒரு வளைவாகத் தாழ்ந்து தொங்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் அங்கே சொட்டிப் போகும், ஒயர் வழியே பாக்ஸுக்குள் வராது.

ஆள் கிளம்பும் முன் செய்ய வேண்டியது: நீங்கள் எழுதிய சேனல் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பாக்ஸ் மெனுவில் சிக்னல் வலிமை, தரம் என்று இரண்டு கோடு இருக்கும். வலிமை அதிகமாகவும் தரம் குறைவாகவும் இருந்தால் தட்டு கொஞ்சம் தவறிப் பார்க்கிறது என்று அர்த்தம். வெயில் நாளில் படம் வரும், தூறலுக்கே போய்விடும். தரக் கோடு நன்றாக ஏறும்வரை திருப்பச் சொல்லுங்கள். சந்தாதாரர் எண், பாக்ஸ் எண் இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டிவேட் ஆன பேக் எது என்று ஆப்பில் பாருங்கள். கேட்டது ஒன்று, போட்டது ஒன்று என்று இருப்பது அபூர்வமில்லை.

மாறிய பின் வரும் சிக்கல்கள்

சில சேனல் மட்டும் வரவில்லை, மற்றவை வருகின்றன என்றால் அது சந்தா விஷயம். ஆப்பில் 'ரிஃப்ரெஷ்' அனுப்பி, பாக்ஸை அந்தச் சேனலில் வைத்தபடி பத்து நிமிடம் விடுங்கள். எல்லாச் சேனலும் போனால் ஒயர், கனெக்டர், தட்டு என்ற வரிசையில் பாருங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் தளர்ந்த கனெக்டர் அல்லது தரக் குறைவு. படம் கறுப்பு வெள்ளையாகவோ, படமில்லாமல் சத்தம் மட்டுமோ வந்தால் ஏவி ஒயரில் மஞ்சள் பின் இடம் மாறியிருக்கும்; ஹெச்டிஎம்ஐ என்றால் டிவியில் சோர்ஸ் எண்ணை மாற்றுங்கள்.

பாக்ஸை ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். பத்து வாட் இழுக்கும் பாக்ஸ் நாள் முழுக்க ஓடினால் மாதம் ஏழு யூனிட். டிவி பார்க்காத நேரம் சுவிட்சிலேயே அணைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். 

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். போலி எண்கள் ஏராளம். பாக்ஸ் மெனு, ஆப், 999 சேனல் ஆகியவற்றில் உள்ள எண்ணையே அழையுங்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று ஓடிபி கேட்பவரும், போனில் ஏதோ ஆப் இறக்கச் சொல்பவரும் திருடர்தான். டெபாசிட் திரும்பாவிட்டால் புகார் எண் வாங்கி, அடுத்து நிறுவனத்தில் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரோடு அனுப்ப ரசீதும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் தேவைப்படும் என்பதால் பணம் முழுவதும் கைக்கு வரும்வரை இரண்டையும் அழிக்க வேண்டாம்.